லயத்து நாய்க்குட்டி எப்படிக் கற்கிறது?

ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்ட லயங்களில் கொழுந்து லொறி, பிரட்டுக்குப் போகும் கூட்டம், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள், கோயில் மேளம் என எப்போதும் சத்தம்தான். நாய்க்குட்டிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஏன்?

பிறந்த 3 வாரம் முதல் ஏறத்தாழ 14 வாரம் வரை குட்டியின் மூளை புதியதை எளிதில் ஏற்கும். பிறகு அச்சம் முந்திக்கொள்ளும். 1961இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 14 வாரம்வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் ஆட்களைக் கண்டாலே ஒதுங்கின. இந்த வயதில் சங்கிலியில் கட்டிப்போடுவது பெருந்தவறு. தடுப்பூசிகள் முடியும்வரை பார்வோ வைரஸ் ஆபத்து உண்டு. அதனால் கையில் தூக்கிக்கொண்டே உலகைக் காட்டுங்கள்.

அடுத்தது மலசலப் பழக்கம். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். ஆகவே தின்றதும், தூங்கி எழுந்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும், மழை கொட்டினாலும். வெளியே மலசலம் கழித்து முடித்ததும் ஓரிரு விநாடிக்குள் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. அடியும் அப்படித்தான்: உள்ளே நனைத்ததற்கு அரைமணி கழித்து அடித்தால், உங்களுக்குப் பயப்பட மட்டுமே கற்கும்.

பழக்குவதோடு பாதுகாப்பும் வேண்டும். தேயிலை மலைகளில் சிறுத்தை நாயையும் பிடிக்கும். இரவில் குட்டி உள்ளே தூங்கட்டும். விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசியை அரசு நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறது. தவறாமல் போட்டுவிடுங்கள்.