உறங்காத பணியாள்

வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னரும் உறங்காதிருக்கும் பொருள்கள் சில எல்லா இல்லங்களிலும் உண்டு. சுவர்க் கடிகாரம் அவற்றுள் ஒன்று. குளிர்சாதனப் பெட்டி மற்றொன்று. எமது இல்லத்தில் மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. சுவாமி அறைக்கு அடுத்த சிற்றறையில், பழைய பலகைத் தட்டின் மேல், கறுப்பு நிறப் பெட்டியொன்று அமர்ந்திருக்கின்றது. அதற்குத் திரை இல்லை, விசைப்பலகையும் இல்லை. சிறு பச்சை விளக்கு மாத்திரம் இரவு முழுவதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

அதுவே எமது வீட்டுச் சேவையகம். பிள்ளைகளின் ஒளிப்படங்கள், மாணவர்க்கு நாம் தயாரித்த வினாத்தாள்கள், காணி உறுதிகளின் பிரதிகள், அம்மாவின் மருத்துவக் குறிப்புகள் என எம் குடும்பத்தின் ஏடுகள் யாவும் அதனுள் அடங்கியுள்ளன. அதனை வைத்தாளக் கற்ற கதையையும், எமது கவனக் குறைவால் ஒருமுறை நாம் இழந்த பொருளின் கதையையும் வாசகர்க்குச் சொல்ல விழைகின்றோம். பிறர் பட்டறிவு இலவசமாகக் கிடைக்கும்போது அதனைப் பெற்றுக்கொள்வது இலாபமன்றோ?

சேவையகம் யாது?

சேவையகம் என்றதும் பெருநகரங்களிலுள்ள குளிரூட்டிய மண்டபங்களும், அவற்றில் வரிசை வரிசையாக நிற்கும் இரும்பு அடுக்குகளும் நினைவுக்கு வரும். உண்மையில், பிற கணினிகள் கேட்பதைக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எந்தக் கணினியும் சேவையகமே. நூலகத்திலே நூலகர் அமர்ந்திருக்கிறார். கேட்பவருக்கு நூலை எடுத்துக் கொடுக்கிறார்; திருப்பிக் கொடுத்ததை உரிய இடத்தில் வைக்கிறார்; கேட்பார் இல்லாதபோது காத்திருக்கிறார். வீட்டுச் சேவையகத்தின் வேலையும் இவ்வளவே. மகளின் மடிக்கணினியும் எமது கைத்தொலைபேசியும் கேட்டவற்றை அது எடுத்துக் கொடுக்கும். கொடுத்தவற்றை வாங்கி வைக்கும்.

இப்பணியாளை இயக்குவது லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை. அதன் வரலாறு மாணவர் அறியவேண்டியதொன்று. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்போர் யுனிக்ஸ் என்ற முறைமையைத் தொடங்கினர். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார், யாவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதாக, யுனிக்ஸை ஒத்த ஒரு முறைமையை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். கருவிகள் பல உருவாயின. கரு மாத்திரம் நிறைவுறவில்லை. 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒரு முறைமை எழுதிவருவதாகப் பிறருக்குத் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டில் அதனை அதே பொதுவுரிமையின் கீழ் உலகுக்கு வழங்கினார். அந்தப் பொழுதுபோக்கே இன்று அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் கருவாக இருக்கின்றது. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் உள்ளவை யாவும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன.

அக்கருவோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துப் பலர் பல தொகுப்புகளாக வழங்குகின்றனர். நாம் தெரிந்துகொண்டது டெபியன் என்னும் தொகுப்பு. இயன் மேர்டொக் என்பார் 1993இல் தொடங்கிய அது, இன்றும் தொண்டர்களாலேயே பேணப்படுகின்றது. புதுமைக்கு விரையாமல் உறுதியை நாடும் இயல்பு அதற்கு உண்டு. வீட்டுப் பணியாளுக்கு வேண்டிய குணமும் அதுவே.

எமது பெட்டி

இதற்கெனப் புதுக்கணினி வாங்கவேண்டியதில்லை. அலுவலகமொன்று கழித்துவிட்ட சிறிய கணினியொன்றை நாம் பழைய விலைக்கு வாங்கினோம். நினைவகம் 8 கிகாபைற்று. முறைமைக்கு ஒரு சிறு தட்டு. குடும்பப் பொருள்களுக்கு ஒரு பெரிய வன்தட்டு. காப்புப் பிரதிக்கு இன்னொன்று. வேண்டுவோர், மாணவர்க்கெனவே பிரித்தானியாவில் 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் கையடக்கப் பலகையைக் கொண்டும் தொடங்கலாம்.

மின்செலவைக் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம். 20 வாற்று உண்ணும் பெட்டி இரவு பகலாக இயங்கின், நாளொன்றுக்கு 480 வாற்றுமணி, அதாவது அரை அலகுக்குச் சற்றுக் குறைவாகச் செலவிடும். முப்பது நாளைக்கு 14.4 அலகு. பழைய பெருங் கணினி 60 வாற்று உண்ணுமாயின் மாதம் 43.2 அலகாகிவிடும். அலகு ஏற ஏற விலையும் ஏறும் எம் நாட்டில் இவ்வேற்றுமை சிறிதன்று. இல்லத்தரசியார் முதலிற் கேட்ட கேள்வியும் இதுதான் என்பதை ஒளியாமற் சொல்லிவிடுகின்றோம்.

திரையில்லாத பெட்டியோடு பேசுவது எவ்வாறு? எஸ்.எஸ்.எச். என்னும் வழியினால். இதுவும் பின்லாந்தில் பிறந்ததே. தமது பல்கலைக்கழக வலையமைப்பிலே கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்ட டட்டு இலோனன் என்பார், ஒட்டுக்கேட்போருக்கு விளங்காதபடி மறைத்துப் பேசும் இம்முறையை 1995இல் ஆக்கினார். எமது மடிக்கணினியில் ஒரு வரியைத் தட்டினால் பெட்டி விடை சொல்லும். ஏவலை எழுத்திலே எழுதிக் கொடுத்தால், எழுதியதையே செய்யும். நினைத்ததைச் செய்யாது, எழுதியதைத்தான் செய்யும். இவ்வுண்மையை நாம் கற்ற விதம் கசப்பானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

எமது ஐயா முப்பது ஆண்டுகளாக ஊர்க் கோயிலிற் கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லி வந்தவர். ஒருவர் செய்யுளைப் படிக்க, ஐயா பொருள் விரிப்பார். தொண்ணூறுகளில் ஒலிநாடாக்களிற் பதிந்த அவர் குரலை எல்லாம் கணினிக் கோப்புகளாக மாற்றிச் சேவையகத்தில் வைத்திருந்தோம். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தளர்ந்தபோது, விறாந்தையில் அமர்த்தி, ஊரின் பழங்கதைகளைச் சொல்லச் சொல்லிக் கைத்தொலைபேசியில் மூன்று முறை பதிந்தோம். அவ்வாண்டு நவம்பரில் ஐயா காலமானார். தொலைபேசியில் இடம் போதாமையினால், சேவையகத்தில் ஏற்றியாயிற்று என்ற துணிவில், அப்பதிவுகளைத் தொலைபேசியிலிருந்து நாமே அழித்திருந்தோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது வாசகர்க்கு நினைவிருக்கும். தென்பகுதித் துணை மின்நிலையமொன்றில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணமெனச் சொல்லப்பட்டது. எமது பெட்டிக்கு யூ.பி.எஸ். இருந்தது, ஆனால் அதன் மின்கலம் மூப்படைந்திருந்தது. மாற்றவேண்டும், மாற்றவேண்டும் என்று நாட்களைக் கடத்தியிருந்தோம். இரண்டு நிமிடத்தில் அது கையை விரித்தது. பெட்டி முறைப்படி உறங்காமல் மயங்கி விழுந்தது. மாலையில் மின்சாரம் வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. நாமும் ஆறுதலடைந்து படுக்கைக்குச் சென்றோம்.

அன்றிரவு நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள ஒரு செய்தியை அறியவேண்டும். யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு வன்தட்டும் ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல் ஏற்றப்படும். கோப்புறை வாயில், தட்டு அதன் பின்னாலுள்ள அறை. தட்டு ஏறாவிடினும் வாயில் நிற்கும். உள்ளே ஒன்றும் இராது. தட்டொன்று பழுதானாலும் பெட்டி தயங்காமல் எழவேண்டும் என நாமே முன்பு எழுதி வைத்திருந்தோம். அவ்வாறே பெட்டி எழுந்தது; குடும்பப் பொருள்கள் இருந்த தட்டு எழவில்லை.

நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு, குரொன் என்னும் நேரக் காவலாளி வழமைபோல் விழித்தான். ஆர்சிங்க் என்னும் பிரதி செய்யும் கருவியை ஏவினான். அதற்கு நாம் எழுதி வைத்த கட்டளை யாது? மூலத்தில் உள்ளதைப் பிரதியில் எழுதுக. மூலத்தில் இல்லாததைப் பிரதியிலிருந்து அழிக்க. மூலமோ வெறுமையாக இருந்தது. பணியாள் கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினான். விடியுமுன் பிரதியும் வெறுமையாயிற்று.

மூன்றாம் நாள் மகள் ஒரு படத்தைத் தேடியபோதுதான் அறிந்தோம். மூலத் தட்டைத் திறந்தால் 'டக், டக்' என்ற ஒலி மாத்திரம் கேட்டது. பொறியியல் படிக்கும் எம் மருமகன் வந்து இரண்டு இரவுகள் முயன்றான். பிரதித் தட்டிலிருந்து ஒளிப்படங்கள் ஆயிரக்கணக்கில், பெயரும் தேதியும் இழந்து திரும்பின. நீண்ட ஒலிக்கோப்புகள் துண்டு துண்டாகச் சிதைந்திருந்தன.

"மாமா, ஒவ்வொரு நாளும் பிரதி எடுத்தனீங்கள், சரி. ஒருநாளாவது அதைத் திறந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டான் அவன்.

"இல்லைத் தம்பி" என்பதைத் தவிர எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. முப்பது மாணவர்க்கு நாள்தோறும் பரீட்சை வைக்கும் ஆசிரியர், தம் பணியாளுக்கு ஒரு பரீட்சையேனும் வைக்கவில்லை.

எம்மைக் காத்தது வவுனியாவில் வாழும் தங்கை வீட்டு அலுமாரி. 2024 சித்திரைப் புத்தாண்டுக்குச் சென்றபோது, எல்லாவற்றையும் ஒரு தட்டிற் பதிந்து அவளிடம் கொடுத்திருந்தோம். பழைய ஒலிநாடாக்களின் குரல் யாவும் அதில் இருந்தன. விறாந்தையிற் பதிந்த அந்த மூன்று மாத்திரம் இல்லை. அவை இனி எங்கும் இல்லை.

நாம் வகுத்துக்கொண்ட விதிகள்

அதன்பின் நாம் வகுத்துக்கொண்ட விதிகள் சில. முதலாவது, மூன்று-இரண்டு-ஒன்று என்பது. பிரதிகள் மூன்று, அவை இருப்பது இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்றாவது வேறிடத்தில். இரண்டு தட்டுகளில் ஒரே வேளையில் எழுதும் கண்ணாடி முறையைச் சிலர் காப்புப் பிரதியென மயங்குவர். தட்டொன்று பழுதானால் அது உதவும். தவறாக அழித்ததை அதுவும் உடனே அழித்துவிடும்.

இரண்டாவது, மூலத் தட்டில் ஓர் அடையாளக் கோப்பு வைத்துள்ளோம். அக்கோப்பு கண்ணிற் படாவிடின் பிரதி செய்யும் வேலை தொடங்காது. எமக்கு அறிவித்தல் வரும். இவ்வொரு வரி அன்று எழுதப்பட்டிருந்தால் இக்கட்டுரையில் பாதி எழுதப்பட்டிராது.

மூன்றாவது, ஒரே பிரதியை மேலெழுதாமல், ஏழு நாட்கள், நான்கு வாரங்கள், பன்னிரண்டு மாதங்கள் என முற்பட்ட நிலைகளையும் பேணுகின்றோம். மாறாத கோப்பு எத்தனை நாட்பிரதியில் தோன்றினாலும் தட்டில் ஓரிடத்தையே பிடிக்கும் உபாயம் லினக்ஸில் உண்டு. ஆகவே இது பெருஞ் செலவன்று.

நான்காவது விதி பரீட்சை. மாதத்தின் முதல் ஞாயிறன்று, பிள்ளைகளுள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பின் பெயரைத் தொடுவார். அதனைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து காட்டவேண்டும். திறக்காவிடின் அன்று மத்தியானச் சாப்பாடு தாமதமாகும்.

அன்றாடப் பராமரிப்பு

எஞ்சியவை முற்றம் கூட்டுவது போன்ற சிறு வேலைகளே. வாரம் ஒருமுறை மென்பொருள் இற்றைப்படுத்தல். பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் வழி அதுவே. தட்டில் எஞ்சிய இடத்தைப் பார்த்தல். பதிவேடுகள் ஓசையின்றி வளர்ந்து இடத்தை நிரப்பிவிடும். வன்தட்டு தன்னைத் தானே சோதித்து எழுதும் ஸ்மாட் என்னும் நலக் குறிப்பைப் படித்தல். கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை கூடத் தொடங்கினால், புதுத் தட்டு வாங்கும் வேளை வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசு தட்டுதல். எம் ஊரில் தூசியோடு எறும்புக்கும் பல்லிக்கும் அவ்வெம்மை உவப்பானது. யூ.பி.எஸ். மின்கலத்தின் மேல் வாங்கிய நாளை எழுதி ஒட்டியுள்ளோம், மூன்றாண்டானதும் மாற்றுவோம்.

இன்னுமொன்று. ரவுட்டரின் வாயிலைத் திறந்து சேவையகத்தை இணையத்துக்கு நேரே காட்டாதிருத்தல் நன்று. நாம் ஆர்வத்தால் ஒருநாள் திறந்து வைத்தோம். சில மணி நேரத்துள் முன்பின் அறியாதோர் கடவுச்சொல்லை ஊகித்துக் கதவைத் தட்டிய குறிப்புகள் நூற்றுக்கணக்கில் நிறைந்தன. அவர்கள் எம்மைத் தேடி வந்தோரல்லர். எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்க்கும் இயந்திரங்களே. அன்றே மூடிவிட்டோம். இன்று கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுகோற் கோப்பே வழங்குகின்றது.

ஏடும் தட்டும்

இவ்வளவு தொல்லை எதற்கு, பெரு நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாமே என்று கேட்பார் உளர். ஒப்படைக்கலாம், அதுவும் மூன்று பிரதிகளுள் ஒன்றாக இருக்கட்டும். ஆயினும் தன் வீட்டு ஏட்டைத் தானே பேணும் வழக்கம் எமக்குப் புதிதன்று. செல் அரிக்குமுன் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவதை எம் முன்னோர் கடனாகக் கொண்டிருந்தனர். பெயர்த்தெழுதுவார் இல்லாத ஏடு மறைந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அத்தகைய ஏடுகளைத் தேடி அச்சேற்றியதாலன்றோ இன்று பல நூல்கள் எம் கையில் உள்ளன! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அங்கு சாம்பராயின. ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாமைக்கு ஒருபடி முந்திய நிலை.

மாணவர்களே, வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கணினி ஏதும் இருப்பின், இவ்விடுமுறையில் அதில் லினக்ஸை நிறுவிப் பாருங்கள். மென்பொருளுக்கு விலையில்லை. பிழை விடுங்கள், ஆனால் அரிய பொருள் எதனையும் அதில் வைக்குமுன் பிழை விட்டு முடியுங்கள்.

சென்ற மாதப் பரீட்சையில் இளைய மகனின் விரல் ஐயாவின் பழைய பதிவொன்றிற் பட்டது. பிரதி திறந்தது. சூரபன்மன் வதைப் படலத்துக்குப் பயன் சொல்லும் குரல் வீடெங்கும் ஒலிக்க, அம்மா அடுக்களையிலிருந்து வந்து கதவு நிலையில் நின்று முழுவதையும் கேட்டார். புதிய தட்டொன்று பொதியிட்டு மேசையில் இருக்கின்றது. வரும் சனிக்கிழமை வவுனியா பஸ்ஸில் அதுவும் எம்மோடு புறப்படும்.