நிரல் போகும் வழியைக் காப்பவர்

2020 டிசம்பரில் அம்பலமான சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஊடுருவலில், அந்நிறுவனம் சேமித்து வைத்திருந்த மூல நிரலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு எதுவும் தட்டுப்பட்டிருக்காது. களவு நடந்தது, மூல நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் பில்ட் சர்வரில். அங்கே பதுங்கியிருந்த உளவு நிரல், ஓரியன் மென்பொருளின் பில்ட் தொடங்கியதும் ஒரே ஒரு கோப்பை மாற்றி வைக்கும். முடிந்ததும் பழைய கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிடும். சந்தேகம் எழுப்பும் எச்சரிக்கைச் செய்திகளையும் அது வரவிடவில்லை. வெளிவந்த மென்பொருளிலோ நிறுவனத்தின் அசல் டிஜிட்டல் கையொப்பம். சுமார் 18,000 வாடிக்கையாளர்களிடம் அது போய்ச் சேர்ந்தது.

எழுதிய நிரலை எடுத்து, பிறர் எழுதிய லைப்ரரிகளைச் சேர்த்து, பில்ட் செய்து, சோதித்து, கையொப்பமிட்டு, சர்வருக்கு அனுப்புவதுவரை எல்லாம் இன்று ஆள் கைபடாமல் நடக்கிறது. இந்தத் தொடருக்குத்தான் பைப்லைன் என்று பெயர். வேலை தடையில்லாமல் நடக்க எல்லாக் கதவுகளின் சாவியும் அதனிடம் இருக்கும். திருடன் கண்வைப்பதும் அதனால்தான்.

இந்த வழியைக் காக்கும் வேலைக்கு டெவ்செக்ஆப்ஸ் என்று பெயர். ஆள் எடுக்கும் விளம்பரங்களில் கருவிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அதைவிட, ஓர் உண்மையான பைப்லைன் கோப்பைக் கையில் கொடுத்து, ‘எந்தப் படியில் எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்பதே மேல் என்பேன். தேர்ந்தவரின் கண், வெளியார் எழுதிய துணைநிரலை வெறும் பதிப்புப் பெயர் சொல்லி அழைக்கும் வரியில் போய் நிற்கும். பெயர் மாறாமலே அது சுட்டும் நிரலைப் பின்னால் மாற்றிவிடலாம். 2025 மார்ச்சில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் துணைநிரலுக்கு நடந்தது அதுதான்: பதிப்புப் பெயர் அப்படியே இருந்தது, அது சுட்டிய நிரல் மட்டும் மாறிவிட்டது. 23,000-க்கும் மேற்பட்ட திட்டங்கள் அதைப் பயன்படுத்திவந்தன. மாறிய நிரலை ஓட்டிய பைப்லைன்களில் பாஸ்வேர்டுகளும் டோக்கன்களும் லாக்கில் கொட்டின. பெயருக்குப் பதில், நிரல் மாறினால் தானும் மாறிவிடும் அதன் ஹாஷ் எண்ணை முழுதாக எழுதிவைத்திருந்தவர்களுக்கு, பின்னால் நடந்த அந்த மாற்றத்தால் பாதிப்பில்லை. நாற்பது எழுத்துகள்தான், எழுதிவைக்க ஒரு நிமிடம் ஆகாது.

வேலையில் சேர்ந்ததும் அவர் செய்யவேண்டியவை பெரும்பாலும் இப்படி எளியவைதான். ஒவ்வொரு பில்டுக்கும் புது இயந்திரம், முடிந்ததும் அழிப்பு. சில நிமிடங்களில் காலாவதியாகும் சாவி. முக்கியமான மென்பொருளைத் தனித்தனி இடங்களில் பில்ட் செய்து ஒப்பிடுவது. சோலார்விண்ட்ஸே பிறகு இம்முறைக்கு மாறியது.

ஒன்றை மட்டும் நிர்வாகம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: ஒப்பீட்டில் வேறுபாடு தெரிந்தால், யாரையும் கேட்காமல் ரிலீஸை நிறுத்தும் அதிகாரம்.