ஆறு மாதம் என்று புறப்பட்டவர்கள்

சொந்த வண்டியிலேயே உறங்கி, சமைத்து, அதிலேயே எல்லைகளைக் கடந்து மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தரைவழியாகச் செல்லும் பயணமுறையை மேலைநாட்டினர் ‘ஓவர்லேண்டிங்’ என்று அழைக்கின்றனர். விடுமுறையில் சுற்றுலா செல்பவருக்குத் திரும்பும் நாள் புறப்படும் முன்பே பயணச்சீட்டில் அச்சாகிவிடுகிறது. இவ்வகை நெடும்பயணத்தில் இறங்கும் தம்பதியருக்கோ அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை என்பதோடு, வீட்டை வாடகைக்கு விட்டு, வேலையைத் துறந்து, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கிளம்புவதால், திரும்பி வந்து தங்குவதற்கான இடமே பல சமயம் இல்லாமல் போகிறது. பயண நூல்கள் பெரும்பாலும் புறப்பாட்டை விரித்து எழுதிவிட்டு, திரும்புதலைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் இந்த வாழ்க்கை எவற்றின் மேல் நிற்கிறது என்பது, எதிர்பாராமல் அது முறியும் இடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

புகழ்பெற்ற நெடும்பயணத் தம்பதியர் சிலரின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவர்களுள் எவரும் தம் பயணத்தின் நீளத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்பது புலப்படும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹெர்மன் ஸாப், கண்டெலாரியா ஸாப் ஆகியோர் 2000 ஜனவரியில் 1928ஆம் ஆண்டு கிரஹாம்-பேஜ் கார் ஒன்றில் பியூனஸ் அயர்ஸிலிருந்து அலாஸ்கா நோக்கிப் புறப்பட்டபோது ஆறு மாதப் பயணம் என்றுதான் எண்ணியிருந்தனர். 2022 மார்ச்சில் அவர்கள் அதே நகருக்கு மீண்டபோது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கடந்திருந்தனர், வழியில் பிறந்த நான்கு பிள்ளைகளும் உடன் இருந்தனர். குடும்பம் பெருகியதால் காரை நடுவில் வெட்டி நீளமாக்க வேண்டியிருந்தது என்பது, இந்தப் பயணத்தைப் பற்றிய மற்ற எல்லாப் புள்ளிவிவரங்களையும் விடக் கூடுதலாகச் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் எமில் ஷ்மிட், லிலியானா ஷ்மிட் தம்பதியர் 1984இல் ஓராண்டு என்று தொடங்கிய பயணம், ஒரே டொயோட்டா லேண்ட் குரூசரில் 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கின்னஸ் சாதனையாயிற்று. 1972இல் லண்டனிலிருந்து பழைய கார் ஒன்றில் கிளம்பிய டோனி வீலரும் மோரீன் வீலரும் ஓராண்டு சுற்றிவிட்டு வீடு திரும்புவதாக இருந்தவர்கள். காரைக் காபூலில் விற்றுவிட்டு, சிட்னியை அடைந்தபோது இருவர் கையிலும் சேர்த்து 27 சென்ட் மிஞ்சியிருக்க, ஆஸ்திரேலியாவிலேயே தங்கி, ‘லோன்லி பிளானட்’ என்ற வழிகாட்டி நூல் நிறுவனத்தைத் தொடங்கினர். திரும்பாமல் போனதும் எதிர்பாராததுதான். வீலர் தம்பதியர் சென்ற ஐரோப்பா–ஆசியத் தரைவழி, 1979இல் ஈரானியப் புரட்சியாலும் அவ்வாண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததாலும் முறிந்தது.

சாலைப் பயணத்தைக் கட்டற்ற சுதந்திரமாக வருணிப்பவர்கள் பெரும்பாலும் குறிப்பிடாமல் விடுவது, அதைத் தாங்கி நிற்கும் காகிதங்களை. மனிதருக்கு எப்படிக் கடவுச்சீட்டோ, அப்படி வண்டிக்கு ஓர் ஆவணம் உண்டு. அதன் பெயர் ‘கார்னே டி பாசாஜ்’, சுருக்கமாகக் கார்னே. ஒருவர் தம் வண்டியை அயல்நாட்டிற்குள் ஓட்டிச் சென்று அங்கேயே விற்றுவிட்டால் அந்நாட்டிற்கு இறக்குமதி வரி நட்டமாகும் என்பதால், வண்டி மீண்டும் வெளியேறும் என்பதற்கான உறுதியை அந்நாடு கேட்கிறது. பயணியின் சொந்த நாட்டு மோட்டார் வாகனச் சங்கம், வண்டியின் மதிப்பையும் செல்லவிருக்கும் நாடுகளையும் பொறுத்து ஒரு பிணைத்தொகையைப் பெற்றுக்கொண்டு, அந்த உறுதியை இந்தக் கையேட்டின் வடிவில் அளிக்கிறது. அதன் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டையும் வெளியேறும்போது மற்றொரு துண்டையும் கிழித்துக்கொள்ள, இரு முத்திரைகளும் பதிந்த அடிக்கட்டை பயணியிடம் எஞ்சுகிறது. ஒரு முத்திரை விடுபட்டாலும் பிணைத்தொகைக்கு ஆபத்து. பொதுவாக ஓராண்டுக்கே செல்லுபடியாகும் இந்த ஆவணத்தைக் கேட்கும் நாடுகளுள் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து ஆகியவை அடங்கும். இந்தியாவிலிருந்து காரில் வெளிநாடு செல்வோருக்கு மும்பையில் உள்ள மேற்கிந்திய மோட்டார் வாகனச் சங்கம் இதனை வழங்கி வந்திருக்கிறது. காலவரையின்றிச் சுற்றப் புறப்படும் தம்பதியர், தங்கள் வண்டி காலவரைக்குள் வெளியேறும் என்று கையொப்பமிட்டுத்தான் எல்லையைத் தாண்டுகின்றனர்.

தென் அமெரிக்க நாடுகளில் கார்னே தேவையில்லை. எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி தரப்படுகிறது. ஆனால் காலவரை அங்கும் உண்டு: பெருவில் வழக்கமாக 90 நாள்கள், அர்ஜென்டினாவில் எட்டு மாதங்கள், உருகுவேயில் ஓராண்டு. உருகுவேயின் தாராளம் காரணமாகவே ஐரோப்பியத் தம்பதியர் பலர் தங்கள் வண்டியைக் கப்பலில் கொண்டுவந்து மொண்டிவிடியோ துறைமுகத்தில் இறக்கிக் கண்டத்தைச் சுற்றிவிட்டு, இடையில் ஊருக்குப் போக நேர்ந்தால் அந்நாட்டிலேயே நிறுத்திவிட்டு விமானம் ஏறுகின்றனர். வட அமெரிக்காவிலிருந்து வருவோருக்குப் பனாமாவிற்கும் கொலம்பியாவிற்கும் இடையே சிக்கல் காத்திருக்கிறது. அலாஸ்காவிலிருந்து கண்டத்தின் தென்முனை வரை சுமார் 30,000 கிலோமீட்டர் நீளும் பான்-அமெரிக்க நெடுஞ்சாலை, டாரியன் இடைவெளி எனப்படும் சுமார் 100 கிலோமீட்டர் சதுப்புக் காட்டில் அற்றுப்போவதால், வண்டியைக் கொள்கலனில் ஏற்றிக் கடல்வழியே அனுப்ப வேண்டும். செலவைக் குறைப்பதற்காக, முன்பின் அறியாத இரு தம்பதியர் ஒரே கொள்கலனைப் பங்கிட்டுக்கொள்வது இங்கு இயல்பான நடைமுறை.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் எல்லைகள் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் அமைந்தவை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்த சில நாள்களிலேயே அந்த நம்பிக்கை தகர்ந்தது. பெரு அரசு மார்ச் 15 அன்று நெருக்கடிநிலையை அறிவித்து, ஏறத்தாழ ஒரு நாள் அவகாசத்தில் எல்லைகளை மூடியது. வண்டியே வீடாக இருந்தவர்கள், வீட்டில் இருங்கள் என்ற ஆணையை எங்கு நின்று கடைப்பிடிப்பது என்று அறியாமல் திகைத்தனர். வாகனத்தங்கு முகாம்கள் பல அடைக்கப்பட்டதால், சட்டப்படி வண்டியை நிறுத்த ஓரிடம் தேடுவதே அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. ஜெர்மனி மட்டுமே மார்ச் 17 முதல் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் சுமார் 2,40,000 பேரை உலகெங்கிலுமிருந்து மீட்டுக் கொண்டுவந்தது. ஆனால் மீட்பு விமானத்தில் மனிதருக்கு மட்டுமே இடம். வண்டியை விட்டுவிட்டு வீடு திரும்புவதா, வண்டியோடு அயல்நாட்டில் தங்குவதா என்று ஓரிரு நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஸாப் குடும்பத்தினர் பிரேசிலின் மழைக்காட்டுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கிக் காத்திருந்தனர்.

அவ்வாறு திடீரென ஊர் திரும்புவோருக்குப் பண்பாட்டு அதிர்ச்சி வெளிநாட்டில் அல்ல, வீட்டில்தான் ஏற்படுகிறது என்பதைச் சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கின்றனர். ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய நாட்டில் தொடக்க உற்சாகம் வடிந்து பின் மனம் தேறும் ஏற்றத்தாழ்வு, தாயகம் திரும்பியபின் மீண்டும் ஒருமுறை நிகழ்கிறது என்று கூறி, அதனை ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்தின் வடிவமுள்ள வளைகோடாக விளக்கினர். அவர்கள் ஆராய்ந்தது வெளிநாடு சென்று வந்த கல்வியாளர்களை. எனினும் சாலைவாசிகளுக்கும் இது பொருந்தும் என்று கருத இடமுண்டு, ஏனெனில் ஆண்டுக்கணக்கில் சில சதுர அடிக்குள் இரவும் பகலும் சேர்ந்திருந்த கணவனும் மனைவியும், திரும்பிய மறுவாரமே தனித்தனி அலுவலகங்களுக்குச் செல்லும் வாழ்க்கைக்கு மாற வேண்டியிருக்கிறது. இதைவிடக் கடினமானது முகவரிச் சிக்கல். வாக்குரிமை, ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீடு எல்லாமே ஒரு வீட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டவை. அமெரிக்காவில் வண்டியிலேயே வாழ்வோர் பலர் தெற்கு டகோட்டா மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அங்கு ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டியே ஓட்டுநர் உரிமம் பெற வழி இருந்ததுதான். ஒரு மனிதரின் ஊர் எது என்பதை ஒரு விடுதி ரசீது தீர்மானிப்பது விந்தைதான் என்றாலும், வீடற்ற பயணிகளுக்கு அந்த ரசீது ஒரு நிலப்பட்டாவுக்கு நிகரானது.

எல்லை மூடலும் பணமுடையும் தற்காலிகமானவை. உடல்நலக் குறைவு அப்படியன்று. ஜெர்மானியரான குந்தர் ஹோல்டார்ஃப் 1988இல் ஆப்பிரிக்காவில் பதினெட்டு மாதப் பயணம் என்று தொடங்கி, பின்னர் கிறிஸ்டீன் என்ற தம் துணையுடன் மெர்சிடீஸ் ஜீப் ஒன்றில் உலகைச் சுற்றினார். வண்டிக்கு ‘ஓட்டோ’ என்று பெயர். இருவரும் பெரும்பாலும் விடுதிகளைத் தவிர்த்து, வண்டிக்குள் விரித்த மெத்தையிலும் மரங்களில் கட்டிய தூளியிலும் உறங்கினர். இடையிடையே வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு ஜெர்மனி சென்று மீளும் பழக்கம் அவர்களுக்கு இருந்ததால், கிறிஸ்டீனுக்குப் புற்றுநோய் கண்ட பிறகும் சிகிச்சைகளுக்கு நடுவே பயணத்தைத் தொடர முடிந்தது. முழுவதுமாக வீட்டை அழித்துவிட்டுக் கிளம்பியவர்களைவிட, ஊரில் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்த இத்தம்பதியின் முறையே அறிவுடையது என்று சொல்லத் தோன்றுகிறது. கிறிஸ்டீன் 2010இல் காலமானார். இறப்பதற்குச் சற்று முன்புதான் இருவரும் முறைப்படி திருமணம் செய்துகொண்டிருந்தனர். அதன் பிறகு ஹோல்டார்ஃப், மனைவியின் படத்தை வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு எஞ்சிய நாடுகளுக்குச் சென்று, ஏறத்தாழ 9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியுடன் 2014இல் ஜெர்மனி திரும்பினார். 2021இல் அவரும் மறைந்தார். ஓட்டோ இப்போது ஸ்டட்கார்ட் நகரில், மெர்சிடீஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்திற்கு உரியது.