வெளிநாடு போய்த் திரும்பும் ஆயா எப்போது வேலைக்கு வரலாம்?

கெமாஸ் வட்டாரத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல, கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுச் செல்கின்றன. அந்த ஆயா உறவினர் திருமணத்திற்குத் தமிழ்நாட்டுக்கோ, நோன்புப் பெருநாளுக்கு இந்தோனேசியாவுக்கோ போய்த் திரும்பினால், மறுநாளே குழந்தையை அவரிடம் கொடுக்கலாமா?

2020-இல் கோவிட் பரவியபோது, நாடு திரும்பியவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று அரசாங்கமே விதித்தது. இன்று அந்த விதி இல்லை. முடிவு வீட்டாரின் கையில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது அறிகுறி. ஆயாவுக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை, நோயாளி யாருடனும் பழகவும் இல்லை என்றால் காத்திருக்கத் தேவையில்லை. வயிற்றுப்போக்கு இருந்திருந்தால், அது முற்றிலும் நின்று 48 மணி நேரம் கழிந்த பிறகு வரலாம். சளிக்காய்ச்சல் பொதுவாக 1 முதல் 4 நாளுக்குள் தெரிந்துவிடும். டிங்கி ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றாது, கொசுதான் பரப்பும். இருந்தாலும் பயணம் முடிந்து காய்ச்சல் கண்டவர் உடனே கிளினிக்கிற்குப் போய், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது தட்டம்மைக்கு. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் இருக்கும். உடலில் தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பே தொற்றத் தொடங்கி, தோன்றிய 4 நாள் வரை தொற்றும். மலேசியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது. ஆகவே 9 மாதம் நிறையாத குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் கிடைத்திருக்காது.

ஆயா தட்டம்மை நோயாளியுடன் இருந்து வந்தவர், தடுப்பூசி போட்டதற்கோ முன்பு அந்நோய் வந்ததற்கோ சான்று இல்லாதவர் என்றால், கடைசியாக நோயாளியைச் சந்தித்த நாளிலிருந்து 21 நாள் குழந்தையிடமிருந்து விலகி இருப்பதே பத்திரம். இரண்டு தவணை ஊசி போட்டவருக்கு அவ்வளவு நாள் தேவைப்படாது. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

அடுத்தது சம்பளம். வீட்டு வேலையாளருக்கு 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் ஆண்டு விடுமுறை, மருத்துவ விடுப்புப் பிரிவுகள் பொருந்துவதில்லை. காத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடைக்காது என்று பயந்தால், ஆயா காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்துவிடக்கூடும். வரவேண்டாம் என்று சொல்வது வீட்டார்தான் என்பதால், அந்த நாள்களின் சம்பளத்தை அவர்களே ஏற்பதுதான் நியாயம். குழந்தைக்கும் அதுவே பாதுகாப்பு.

இதையெல்லாம் ஆயா விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்: அவருடைய தடுப்பூசி விவரம், திரும்பும் தேதி, காத்திருக்க நேர்ந்தால் சம்பளம், அந்த நாள்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பாட்டியோ பெரியம்மாவோ யார் என்பது. வந்த பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.