கம்பி இல்லாமல் ஊருக்கு வந்த கல்லூரி

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? ஒத்தக்கடையில் யானை படுத்திருப்பது போன்ற பெரிய பாறைமலை ஒன்று தெரியும். அதைத் தாண்டி மேலும் சிறிது தூரம் சென்றால் மேலூர் வரும். பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் வயல்கள், கண்மாய்கள், ஆங்காங்கே கருங்கல் குன்றுகள் என்று பார்ப்பதற்குச் சாதாரண வேளாண்மை வட்டாரம்தான். ஆனால் 2001ஆம் ஆண்டில் இந்த மேலூர் வட்டத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. பல ஊர்களில் வீட்டுக்குத் தொலைபேசி கூட எட்டாத அந்த நாளில், கிராமத்துக்குக் கிராமம் இணைய வசதி கொடுத்துப் பார்ப்பதே அந்தச் சோதனை. 'சாரி' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய நிறுவனங்களும் பங்கு பெற்றன.

ஊருக்கு ஊர் செம்புக் கம்பி இழுப்பதென்றால் செலவு மிக அதிகம். ஊர் தூரமானால் கம்பியும் நீளும், பணமும் நீளும். ஆகவே, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் மற்றொரு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியிருந்த 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறை மேலூருக்கு வந்தது. ஓர் உயரமான கோபுரம்; கிராமத்து வீட்டுக் கூரையில் ஒரு சிறிய ஏரியல்; சுவரில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி தொலைபேசிக்கும் இன்னொன்று கணிப்பொறிக்கும் போகும். பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தலாம்!

இந்த முறையில் பயன்பட்டவை ஏறத்தாழ 1,900 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் சுமார் 16 சென்டிமீட்டர் என்று வரும். உங்கள் கையில் உள்ள அரை அடிக் கோலை விடச் சற்றே நீளம். இவ்வளவு குட்டையான அலைகள் நேர்கோட்டில் செல்லவே விரும்பும். குன்று குறுக்கிட்டால் அவற்றால் வளைந்து தாண்ட இயலாது. சமவெளியிலும் ஒரு தடை உண்டு. பூமியின் வளைவுதான் அது! கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், உச்சியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை தரை தெரியும் என்பது கிடைக்கும். 36 மீட்டர் கோபுரத்துக்கு 6 × 3.57 = சுமார் 21 கிலோமீட்டர். கார்டெக்ட் நேரடியாக எட்டிய தூரம் இதிலும் குறைவு, சுமார் 10 கிலோமீட்டர்தான். இடையில் ஒரு நிலையம் வைத்து அலையை வாங்கி மறுபடி அனுப்பினால் 25 கிலோமீட்டர் வரை போகலாம்.

இப்படி இணைப்புப் பெற்ற கிராமத்து அறையில் கணிப்பொறி, சிறு ஒளிப்படக் கருவி, அச்சுப்பொறி, மின்சாரம் நின்றால் உதவும் மின்கலம் எல்லாம் இருக்கும். மொத்தச் செலவு சுமார் 50,000 ரூபாய். பெரும்பாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரே முதலாளி. சிறுவர்கள் வந்து தட்டச்சும் கணிப்பொறியும் பழகினார்கள். மாணவர்கள் தேர்வு முடிவு பார்த்தார்கள். தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் போயிற்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களுக்குக் கண்ணின் படம் போயிற்று. நோய் கண்ட பயிரின் படத்தை மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பி, பேராசிரியர்களிடம் யோசனை கேட்டதும் உண்டு. ஒத்தக்கடை மலைப் பக்கத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். விவசாயி கல்லூரிக்குப் போகவில்லை; கல்லூரி வயலுக்கு வந்தது!

அப்படியானால் பேராசிரியரின் வகுப்பையே அந்த அறைக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இணையத்தில் எழுத்தும் படமும் அப்படியே பயணம் செய்வதில்லை. 0, 1 என்ற இரண்டே குறிகளாக மாறித்தான் செல்கின்றன. ஒவ்வொரு குறியும் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். மேலூர் இணைப்பின் வேகம் வினாடிக்கு 35,000 பிட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையில் சுமார் 8,000 எழுத்துக் குறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று வழக்கிலுள்ள யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். ஆக 24,000 பைட், அதாவது 1,92,000 பிட். ஐந்தரை வினாடியில் வந்து சேர்ந்துவிடும். கட்டுரைக்கு அந்த இணைப்பு தாராளம்.

ஆனால் படமாக எடுத்த ஒரு மணி நேரப் பாடம்? நன்றாகச் சுருக்கி, வினாடிக்கு 5,00,000 பிட் என்ற அளவில் வைத்தாலும், மொத்தம் 180 கோடி பிட்! அதை 35,000ஆல் வகுத்தால் 14 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மணி நேர வகுப்புக்காக இரவெல்லாம் காத்திருக்க வேண்டும்; நடுவில் மின்சாரம் போகாமலும் இருக்க வேண்டும்.

சரி, அந்த நிலையங்கள் இப்போது எங்கே? பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிட்டன. இதை மறைக்க வேண்டியதில்லை. சோதனை தோற்றால் அது ஏன் தோற்றது என்று கேட்பதும் அறிவியல்தானே! மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகிய இருவர் இதை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போதிய வருமானம் இல்லாததும், கருவி பழுதானால் கைகொடுக்க ஆள் இல்லாததும் நிலையங்களைச் சாய்த்தன. முன்பே கணிப்பொறி கற்றிருந்தவர்கள் நடத்திய நிலையங்களும், பயிற்சி பெற்ற பணியாளரை அமர்த்திய நிலையங்களும் அதிக நாள் தாக்குப்பிடித்தன. கோபுரமும் அலையும் எல்லோருக்கும் ஒன்றுதான். அறையில் உட்கார்ந்திருந்த ஆளைப் பொறுத்து ஆயுள் மாறியது.

மேலூரில் இது நடந்துகொண்டிருந்தபோதே, 2003இல், ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 'என்பிடெல்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. தங்கள் வகுப்புகளைப் படம் பிடித்து நாட்டிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் இலவசமாகக் கொடுப்பது நோக்கம். ஆனால் பல கல்லூரிகளின் இணைப்பு மேலூரைப் போலவே மெலிந்திருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாடங்களை வன்வட்டுகளில் பதிந்து கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள்! கல்லூரிக்கு உள்ளேயே கணிப்பொறிகளை இணைத்து அவற்றைப் பார்க்கலாம். இது பின்னடைவு என்று நினைக்காதீர்கள். 500 ஜிகாபைட் வட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னையில் பேருந்து ஏறி, பத்து மணி நேரத்தில் ஒருவர் மதுரையில் இறங்குகிறார் என்று கொள்வோம். அவர் கொண்டுவந்த வேகம் வினாடிக்குச் சுமார் 11 கோடி பிட். மேலூர்க் கோபுரத்து இணைப்பைப் போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகம்! வழியில் டீ குடிக்க இறங்கிய நேரமும் இதில் சேர்ந்ததே.

பின்னர் கைபேசி வந்தது, நிலைமை தலைகீழாகிவிட்டது. கொரோனா நோயால் கல்லூரிகள் மூடிக் கிடந்த பின், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிகாபைட் இலவசமாகத் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பழைய கார்டெக்ட் இணைப்பு இரவு பகல் ஓயாமல் ஓடினாலும் ஒரு நாளில் கொண்டுவருவது சுமார் 378 மெகாபைட்தான். அதாவது அந்த நிலையம் ஐந்து நாளுக்கு மேல் உழைத்துச் சேர்ப்பதை, ஒரு மாணவர் ஒரே நாளில் செலவழிக்கலாம். நாம் மேலே கணக்கிட்ட அளவுப் பாடமானால் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் பார்க்கலாம்.

ஒன்பது மணி நேரம் பார்த்தால் பாடம் புரிந்துவிடுமா? எனக்கு இதில் ஐயம் உண்டு. சின்னத் திரையில் சமன்பாடு ஓடி மறைகிறது. கையைத் தூக்கிக் கேட்டால் படத்தில் இருக்கும் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரே கைபேசி இருந்து, மூன்று பேர் படித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே அறிவீர்கள். பாடம் ஆங்கிலத்தில் இருப்பது வேறொரு தடை. என்பிடெல் இப்போது சில பாடங்களைத் தமிழிலும் மாற்றித் தருகிறது. நல்ல வேலை, இன்னும் நிறைய வேண்டும்.

என்பிடெல் நடத்தியவர்களும் இந்தக் குறையைக் கண்டிருக்க வேண்டும். 2014 முதல் வாரந்தோறும் பாடம், வீட்டுப் பயிற்சி, கேள்வி கேட்க இடம், முடிவில் தேர்வு என்று முறையை மாற்றினார்கள். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அதோடு, சேர்ந்துகொண்ட கல்லூரிகளில் ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருப்பார். பாடத்துக்கு வழிகாட்டிகளும் உண்டு. காணொளி சென்னையிலிருந்தோ கான்பூரிலிருந்தோ வரலாம். சந்தேகம் கேட்பது பக்கத்து அறை ஆசிரியரிடம். மேலூரில் நீடித்த நிலையங்களில் இருந்தாரே ஒரு பயிற்சி பெற்ற ஆள், அவருடைய வேலைதான் இவருக்கும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. வீட்டுக் கைபேசியில் பதிவிறக்கிய பாடம் ஏதேனும் இருந்தால், அது எத்தனை மெகாபைட் என்று பாருங்கள். அதை எட்டால் பெருக்கினால் மெகாபிட். வினாடிக்கு 35,000 பிட் வேகத்தில், 2001இல் மேலூர் வட்டத்து கிராமம் ஒன்றுக்கு அது வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? கண்டுபிடித்த பின் பாடத்தையும் பாருங்கள். புரியாத இடத்தைத் தாளில் எழுதி வைத்து, நாளை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.