காட்சிமுனைக்கு ஒரு காலைநடை

ஐந்திணையுள் குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம் என வகுத்தனர் நம் முன்னோர். நள்ளிரவில் மலைவழி கடந்து வரும் தலைவனிடம், அவ்வழியின் அருமையையும் ஏதத்தையும் தோழி எடுத்துரைப்பதை அகப்பாடல்களில் பரக்கக் காணலாம். மலையின் எழிலைப் பாடிய புலவர்கள் மலைவழியின் அச்சத்தையும் மறவாது பாடியுள்ளனர். முதியோரையும் சிறாரையும் உடன் அழைத்துக்கொண்டு மலைநடை செல்ல விழைவோர்க்கு அத்தோழியின் முன்னெச்சரிக்கையே முதற்பாடமாகும்.

கொடைக்கானலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நகரை அடுத்த வட்டக்கானலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தால், பள்ளத்தாக்கின் மேல் நீண்டு நிற்கும் டால்பின் மூக்குப் பாறையை அடையலாம். தொலைவு சிறிதே. ஆயினும் இவ்வழிக்குத் தனி இயல்பு ஒன்றுண்டு. பொதுவாக மலைநடையில் முதலில் ஏற்றம், பின்னர் இறக்கம். இங்கோ செல்லும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். மரவேர்கள் படிகளெனப் பின்னிக் கிடக்கும் பாதையில் குழந்தைகள் துள்ளி இறங்கிவிடுவர். களைத்த கால்களுடன் ஏறும்போதுதான் உண்மையான சோதனை தொடங்கும். ஆகவே, 'எவ்வளவு தொலைவு?' என்று மட்டும் வினவாது, 'ஏற்றம் எப்போது வரும்?' என்றும் வினவுதல் வேண்டும்.

நேரத்தைக் கணிக்க எளிய வழியொன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் என்பார் 1892-இல் வகுத்தது அது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி; ஏறும் உயரத்தில் 600 மீட்டருக்கு மேலும் ஒரு மணி. ஒன்றரைக் கிலோமீட்டர் வழியில் 150 மீட்டர் ஏற வேண்டும் எனக் கொண்டால், 18 நிமிடமும் 15 நிமிடமும் சேர்ந்து 33 நிமிடம் ஆகும். இது திடகாத்திரமானவர் நடைக்கு உரிய கணக்கு. சிறாரும் முதியோரும் உடன்வரின் இதனை இரட்டித்தல் நலம். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

காலை ஏழு மணியளவில் நடையைத் தொடங்கிப் பத்து மணிக்குள் திரும்புவது சாலச் சிறந்தது. வெயில் ஏற ஏற, சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து மூடுபனியாகிக் காட்சியை மறைத்துவிடும். மாலையிலோ நம் நாட்டில் ஞாயிறு மறைந்த சிறிது நேரத்திலேயே இருள் சூழ்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேர்களும் பாறைகளும் வழுக்கும், அட்டைகளும் மிகும். சனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஆறரை பாகை வெப்பம் குறையும். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல், சமவெளியினும் பதின்மூன்று பாகை குளிர்ந்திருப்பது இதனாலேயே. எனவே கம்பளி ஆடை, பிடிப்புள்ள காலணி, குடிநீர், பேரீச்சை, கடலை உருண்டை ஆகியன உடனிருத்தல் வேண்டும். வழியில் காட்டுமாடு எதிர்ப்படின் அருகே செல்லாது, அது விலகும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும்.

பாறையை அடைந்ததும் மகிழ்ச்சி பொங்கும் அந்நேரமே மிகுந்த விழிப்புக்குரியது. விளிம்பிலிருந்து பத்தடிக்கு முன்பே எல்லை வகுத்து, ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் எனக் கைப்பிடித்து நிற்க வேண்டும். படம் எடுப்போர் பின்னோக்கி ஓரடியும் வைத்தலாகாது. பனியால் பாறை நனைந்திருப்பின், பாறைக்குச் செல்லாமலே திரும்புதல் இழுக்கன்று, அதுவே அறிவுடைமை.

மூட்டுவலியால் இறங்க இயலாத முதியோர் மனம் வருந்த வேண்டியதில்லை. 1872-இல் கோக்கர் என்னும் ஆங்கில அதிகாரி அமைத்த, அவர் பெயராலேயே வழங்கும் கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. கீழ்ச் சமவெளியின் காட்சியை அங்கிருந்தும் கண்டு களிக்கலாம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழக அரசு வனநடைக்கு விதிகளை வகுத்தது. கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் வழி திறந்துள்ளதா, அனுமதி வேண்டுமா என்பதைப் புறப்படுமுன் கேட்டறிதல் கடமையாகும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் இல்லத்தாரை அழைத்துச் செல்லும் பொறுப்பு உங்களிடமே வந்து சேரும். முன்னே ஓடி முதலில் முனையை அடைபவர் வழிகாட்டி அல்லர். தளர்ந்து வரும் பாட்டியாருக்கும் தம்பிக்கும் பின்னே, கடைசியாக நடந்து வருபவரே நல்ல வழிகாட்டி. மலை எங்கும் போய்விடாது. இன்று மறைத்த பனி நாளை விலகும். சென்றவர் அனைவரும் நலமே இல்லம் திரும்புவதே பயணத்தின் நிறைவு.