பெண்ணும் சிகிச்சை வாசலும்: கிராக் கொக்கெயின் ஆய்வுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

போதைப்பொருட் பாவனை பற்றி நம்மிடையே எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை ஒழுக்கவியல் நோக்கில் அமைந்தவை. பாவனையாளன் ஆணாகவே கொள்ளப்படுகிறான். பெண் அவனது மனைவியாகவோ தாயாகவோ கண்ணீருடன் ஓரத்தில் நிற்கிறாள். நமது புனைகதைகளிலும் குடிகாரனின் மனைவி நன்கு பழகிப்போன பாத்திரம். குடிக்கும் பெண்ணோ பெரும்பாலும் இழிவின் குறியாகவே வருகிறாள். அதியமான் தனக்குக் கள் அளித்ததை ஒளவையார் கூச்சமின்றி நினைவுகூரும் புறநானூற்றுப் பாடலை (235) நோக்குமிடத்து, இப்பார்வை தமிழரிடை என்றும் இருந்ததன்று என்பது புலனாகும். சொத்துடைமையும் வாரிசுரிமையும் இறுகிய சமுதாயத்திலேயே பெண்ணின் உடல் குடும்ப மானத்தின் வைப்பிடமாயிற்று. இது தனியே விரித்து ஆராயத்தக்கது.

இப்பின்னணியில், கிராக் கொக்கெயினுக்கு அடிமையாகிச் சிகிச்சை பெறும் வளர்ந்தோரிடையே ஆண்-பெண் வேறுபாடுகளை ஆராய்ந்த மேனாட்டு ஆய்வுகள் நமது கவனத்திற்குரியன. வன்னியின் பிரச்சினை கிராக் அன்று; கசிப்பும் கஞ்சாவும், அண்மைக்காலத்தில் ஹெரோயினும் ஐசுமே. ஆயினும் பெண் எவ்வாறு சிகிச்சைக்கு வருகிறாள், ஏன் வராதிருக்கிறாள் என்னும் வினா இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

கொக்கெயின் தூளிலிருந்து பெறப்படும், புகைக்கத்தக்க கட்டி வடிவமே கிராக். புகைத்த சில விநாடிகளில் மூளையை எட்டி, சில நிமிடங்களிலேயே தணிந்து, மீண்டும் வேண்டுமென்னும் வேட்கையை விட்டுச்செல்வது. தூள் வசதிபடைத்தோரின் பண்டமாயிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அது சிறு கட்டிகளாகி மலிந்த விலைக்கு வந்தபோது, தொழிற்சாலைகள் மூடுண்ட அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளை அடைந்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் தூளுக்கும் ஒரே கட்டாயச் சிறைத்தண்டனையை விதித்தது. வேதியியலில் ஒன்றான பொருள் சட்டத்தில் நூறு மடங்கு வேறுபட்டது! 2010 இல் அவ்விகிதம் 18 ஆகக் குறைக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை.

சிகிச்சை நிலையங்களில் நடந்த ஆய்வுகள் பல, பெண்கள் ஆண்களைவிடக் குறுகிய காலத்தில் பாவனையிலிருந்து அடிமைநிலைக்குச் செல்வதாகக் கண்டன. உடலியற் காரணங்களை மறுப்பதற்கில்லை: பெண்ணின் இயக்குநீர்கள் கொக்கெயினின் விளைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. ஆனால் ஏனைய வேறுபாடுகளைப் பாருங்கள். பெண்களுட் பலர் கணவன் அல்லது காதலன் வழியாகவே அப்பொருளை அறிந்தவர்கள். சிகிச்சை முடிந்து திரும்பும் வீட்டிலும் அதைப் பாவிப்பவன் இருக்கிறான். மனச்சோர்வும், சிறுவயது முதலான வன்முறையின் வடுக்களும், வேலையின்மையும் அவர்களிடம் மிகுதி. இவற்றுள் எது இயற்கை தந்தது? எனினும் சிகிச்சைக்குள் வந்து நிலைத்த பெண்கள் ஆண்களுக்குக் குறையாத பயனைப் பெறுகின்றனர் என்பதே பொதுவான முடிபு. ஆகவே பெண்ணின் முதல் இடர் சிகிச்சையின் உள்ளே அன்று, வாசலிலேயே உள்ளது.

அவ்வாசலில் சில இடங்களில் பொலிசாரும் நின்றனர். தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரில் அரச மருத்துவமனையொன்று 1989 முதல் கருவுற்ற பெண்களின் சிறுநீரைச் சோதித்து முடிவைப் பொலிசாருக்கு வழங்கிற்று. கைதானோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். சம்மதமின்றி அவ்வாறு சோதித்தல் அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் 2001 இல் தீர்ப்பளித்தது. இதற்கெல்லாம் நியாயமாகக் கூறப்பட்டது, சீரழிந்த ஒரு தலைமுறை பிறக்கப்போகிறது என்ற அச்சம். பிலடெல்பியாவில் ஹலம் ஹர்ட் என்ற மருத்துவர் அக்குழந்தைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, கொக்கெயினின் தடத்தைவிட வறுமையின் தடமே ஆழமானதாகத் தெரிந்தது. அதற்குள் தாய்மார் பலர் தண்டிக்கப்பட்டுவிட்டனர்.

இனி நம்மிடம் வருவோம். உலகப் பாவனையாளருள் மூவரில் ஒருவர் பெண்; சிகிச்சை பெறுவோருள் ஐவரில் ஒருவரே பெண் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2015 ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. இலங்கையில் 1984 இல் நிறுவப்பெற்ற தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை வெளியிடும் சிகிச்சைத் தரவுகளிலும் ஆண்களே மிகப் பெரும்பாலோர். நமது பெண்கள் இப்பழக்கத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்று இதனை வாசிப்பது எளிது. இனப் பெருமைக்கும் அது உவப்பானது. பாவனையில் ஆண்கள் மிகையென்பது உண்மையே. எனினும் பதிவேடு காட்டுவது வாசலை அடைந்தோரின் தொகையை மட்டுமே.

நெடுங்கேணியை எடுத்துக்கொள்வோம். 2009 இல் முடிந்த போரின் பின் இப்பகுதிக்கு மீண்ட குடும்பங்கள் பலவற்றில் உழைப்பவள் பெண்ணே. அவள் வவுனியாவுக்குச் செல்வதாயின் புளியங்குளம் வழியாகப் பஸ்ஸில் போய்வர ஒருநாட் கூலி போகும். பல வாரங்கள் தங்கவேண்டுமெனின் பிள்ளைகளை எவர் பார்ப்பார்? கணவன் நோயாளியாயின் மனைவி நகையை அடகுவைத்து உடன்செல்வாள், வைத்தியரிடம் அவனது கதையைச் சொல்வாள், வீட்டையும் நடத்துவாள். சென்னையில் 1980 இல் தன் கணவரின் நினைவாகச் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய நிலையம் குடும்பத்தையும் சிகிச்சையிற் சேர்த்தது பெரும் முன்னேற்றமே. மனைவியின் ஊதியமற்ற இவ்வுழைப்பு அங்கேனும் கண்டுகொள்ளப்பட்டது. ஆனால் மனைவியே நோயாளியாகும்போது அவ்வுழைப்பைச் செய்ய எவருமில்லை. ஊரார் வாயோ அவள் திரும்பும்வரை ஓயாது.

வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாது ஏற்கெனவே பெண்களின் நம்பிக்கையைப் பெற்றவர். முதல் வினாவை அவரே கேட்கலாம். மாதத்தில் ஒருநாள் உளநல வைத்தியர் ஊர் வைத்தியசாலைக்கே வரலாம். தங்கவேண்டிய இடத்தில் பிள்ளைகளுக்கும் பாய் விரிக்கப்படலாம். இவற்றுக்கெல்லாம் முன்நிபந்தனை ஒன்றுண்டு: அம்மாதுவிடம் சொல்லப்பட்டது பொலிஸ் நிலையத்தைச் சென்றடையாது என்று எழுத்தில் உறுதி வழங்கப்படல் வேண்டும்.